ஊர் சொல்லாத போத்தல்

பாரிசில் எங்கள் ஆட்கள் கூடுகிற லாச்சப்பலில் அந்த நாட்களில் இரண்டு தமிழர் சந்தித்தால் சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "ஊரிலை எவ்விடம்?" பதிலைக் கேட்ட பிறகே சிரிப்பை முழுதாகச் சிரிப்பதா, பாதியில் நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள்.

நானும் அப்படித்தான் கேட்டேன். அதுவும் வேலை கேட்டுப் போன இடத்தில்.

"அண்ணை ஊரிலை எவ்விடம்?"

"பொண்டி," என்றார்.

பொண்டி பாரிசுக்கு வெளியே, ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிற இடம். அங்கேதான் அவருடைய அறை இருந்தது.

"இல்லை அண்ணை, அதுக்கு முன்னம்?"

"முன்னம் லெ பிளாங்-மெனில்."

"அதுக்கும் முன்னம்?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் முன்னம் ஒரு ஏரோப்பிளேனிலை இருந்தனான், தங்கச்சி. யன்னல் பக்கம்."

எனக்கு உடனே பயம் பிடித்துவிட்டது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன், வேலை போச்சு என்று நினைத்தேன். அவரோ ஒரு பசை வாளியையும் தூரிகையையும் என் கையில் தந்து, "நேரா ஒட்டினால் போதும்," என்றார். அப்படித்தான் நான் விஸ்கிப் போத்தலுக்கு லேபிள் ஒட்டுகிறவள் ஆனேன். எங்கள் வம்சத்தில் ஒரு பெண் இப்படியொரு வேலை பார்ப்பாள் என்று சாத்திரக்காரன்கூடச் சொல்லியிருக்கமாட்டான்.

அவரை எல்லோரும் போத்தல் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில், எங்கள் ஆட்களின் கடைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த பக்கத்தில், ஒரு கட்டடத்தின் பின்முற்றத்தால் இறங்கினால் அந்த நிலவறை. அனுமதிப் பத்திரம் வயதான ஒரு பிரெஞ்சு வைன் வியாபாரியின் பெயரில் இருந்தது. அவர் மாதத்தில் ஒருநாள் வந்து எல்லாவற்றையும் மணந்து பார்த்துவிட்டுப் போவார். மற்றதெல்லாம் அண்ணைதான். ஸ்கொட்லாந்தில் இருந்து பீப்பா வரும். அதைத் திறந்து, வடித்து, போத்தலில் நிரப்பி, தக்கை அடித்து, லேபிள் ஒட்டி விற்போம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தில் விஸ்கி காய்ச்சுகிற வடிசாலைகள் ஏராளம். ஆனால் கடைத் தட்டில் நாங்கள் காண்கிற பெரிய பெயர்கள் பெரும்பாலும் ஓரிடத்துச் சரக்கில்லை. பெரிய கொம்பனிகள் பல வடிசாலைகளில் வாங்கிக் கலந்து, நிறம் சேர்த்து, ஒரே பெயரில் விற்கும். அந்தக் காலத்தில் அங்கே விஸ்கி தேவைக்கு மிஞ்சிக் கிடந்தது. சில வடிசாலைகளை மூடிக்கொண்டும் இருந்தார்கள். கலக்கிறவர்களுக்குத் தேவைப்படாத பீப்பாக்கள் களஞ்சியங்களில் தூங்கின. அவற்றை ஒன்றிரண்டாகத் தரகரிடம் வாங்கி, வேறு எதனோடும் சேர்க்காமல், ஒரு பீப்பாவை ஒரு பீப்பாவாகவே போத்தலில் அடைக்கிற சின்ன ஆட்கள் அங்கங்கே இருந்தார்கள். அண்ணை அந்தச் சாதி. நான் சாதி என்று எழுதியது தொழில் வகையைத்தான். இதைச் சொல்லி வைப்பது நல்லது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. பீப்பாவை விற்கிற வடிசாலை பல வேளை, "எங்கள் பெயரைப் போடக்கூடாது," என்று சொல்லித்தான் விற்கும். தங்கள் பெயரில் மற்றவன் வியாபாரம் செய்யக் கூடாதாம். அதனால் நான் ஒட்டிய லேபிள்களில் படமும் இல்லை, பவிசும் இல்லை. ஸ்கொட்லாந்து விஸ்கி, ஒரே பீப்பா, வயது, அற்ககோல் அளவு. அவ்வளவுதான்.

"பாவம், அனாதைப் பிள்ளை மாதிரிக் கிடக்குது அண்ணை," என்றேன் ஒருநாள்.

"அனாதை இல்லை. தாய் தேப்பன் இருக்கினம். பேரைச் சொல்லாதையுங்கோ எண்டு கேட்டு விட்டிருக்கினம். நாங்கள் சொல்லாமல் விடுறம். அது ஒரு மரியாதை."

இந்த மரியாதையை உடைக்கவென்றே சில பிரெஞ்சுக்காரர் வருவார்கள். கழுத்தில் சால்வை, கையில் சொந்தக் கிளாஸ். ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, ஏதோ ஒரு வடிசாலையின் பெயரைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து அண்ணையின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த முகம் இருக்கிறதே, அதை மெத்ரோ ரயில் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கலாம். எந்த விளம்பரமும் இல்லாத சுவராக இருந்திருக்கும். சரியாகச் சொன்னவனுக்கும் பிழையாகச் சொன்னவனுக்கும் ஒரே முகம். ஒருவர் அவரை நல்ல உணவகத்துக்குக் கூட்டிப்போய், மீன், இறைச்சி, சீஸ், இனிப்பு என்று வரிசையாக வாங்கிக்கொடுத்து, கடைசியாகக் கோப்பி வந்தபோது மெல்லக் கேட்டாராம். அண்ணை, "மீன்தான் திறம்," என்று பதில் சொல்லிவிட்டு வந்தார்.

பிரெஞ்சுக்காரரைச் சமாளித்துவிடலாம். எங்கள் ஆட்களிடம்தான் அவருடைய வியாபாரம் தடக்கி விழுந்தது.

பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கலக்காததோடு அண்ணை நிறமும் சேர்ப்பதில்லை. அந்தப் பீப்பாச் சரக்கு காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருந்தது.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. உது ஊரிலை களவாய்க் காய்ச்சிற கசிப்பு மாதிரி எல்லோ கிடக்குது."

"விஸ்கிதான்."

"எங்கடை சனம் நம்பாது. தேத்தண்ணிச் சாயம் இருக்கவேணும். கொஞ்சம் சீனி கருக்கி விடுங்கோவன்."

"பெரிய கொம்பனியள் அதைத்தான் செய்யிறாங்கள்."

"பாத்தியளே. அவங்களுக்குத் தெரியுது."

பொண்டியில் ஒரு ஞானஸ்நான விருந்து நடந்தது. மன்னாரைச் சேர்ந்த குடும்பம். அண்ணை ஒரு போத்தல் அன்பளிப்பாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். குழந்தையின் தகப்பன் மரியாதைக்கு முதலில் அதைத் திறந்து, ஐஸ் கட்டி போட்டு, தண்ணீரும் விட்டார். கிளாசுக்குள் பனிப்புகார் இறங்கினதுபோல விஸ்கி மெல்ல வெளுத்து மங்கிப்போனது.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கிட்டே குனிந்து பார்த்தார்கள்.

"பால் மாதிரிப் போட்டுது," என்றான் ஒருவன்.

"ஊரிலை உப்பிடி ஒண்டைக் குடிச்சிட்டு எங்கடை பக்கத்துவீட்டுக்காரன் கண் தெரியாமல் போனவன்," என்றான் இன்னொருவன்.

என் கணவர் ஏற்கெனவே ஒரு கிளாஸ் குடித்து முடித்திருந்தார். நான் அவருக்கு முன்னால் விரலைப் பிடித்து எத்தனை என்று கேட்டேன். "உன்ரை விரலை எடடி," என்றார். பார்வை இருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதல்.

தகப்பன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர் அண்ணை இதைக் காய்ச்சினது?"

"ஸ்கொட்லாந்திலை ஒருத்தர்."

"ஒருத்தர் எண்டால்?"

"பேர் சொல்லக்கூடாது."

அதோடு முடிந்தது. கசிப்புக் காய்ச்சுகிறவனின் பெயரையும் யாரும் சொல்வதில்லை. அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் சந்தேகமில்லாமல் விளங்கிவிட்டது.

"சரி, என்னத்தைக் கலந்திருக்கு? அதையாவது சொல்லுங்கோ."

"ஒண்டும் கலக்கேல்லை. அதுதான் உப்பிடி வருது." பெரிய கொம்பனிகள் விஸ்கியைக் குளிரவைத்து, மங்க வைக்கிற கொழுப்பை வடித்தெடுத்துவிடும், இதில் அது எடுக்கப்படவில்லை, பிரெஞ்சுக்காரர் குடிக்கிற பஸ்தீஸ் மது தண்ணீர் பட்டால் வெளுக்கிறதுபோலத்தான் இதுவும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அந்த மங்கல் கிளாசை அவரே எடுத்து, எல்லோருக்கும் முன்னால் குடித்துக் காட்டினார். சனம் அவர் விழுகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றது. விழவில்லை.

"அவருக்குப் பழகியிருக்கும்," என்றார் ஒரு கிழவர்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் கலியாணம் பேசப்போனேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் கணவரின் அக்கா தவமணி மச்சாளுக்கு முப்பத்தாறு வயது. ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. சீதனம், சண்டை, கப்பல், விசா என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து அவளுடைய கலியாணம் தள்ளித் தள்ளிப் போயிருந்தது. அண்ணைக்கு நாற்பது சொச்சம். நல்ல மனிதர், கை சுத்தம், குரல் உயர்த்தாதவர். வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். மச்சாளும், "பாப்பம்," என்றாள். அவள் அகராதியில் அது பெரிய சம்மதம்.

லெ பிளாங்-மெனிலில் இருந்த பெரியமாமா, என் கணவரின் பெரியப்பா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "பொடியன் ஊரிலை எவ்விடம்?"

அந்தக் கேள்வியை நான் மறந்தே போயிருந்தேன்.

பெரியமாமா தானே நிலவறைக்கு வந்தார். அங்கே ஒரு பெட்டியில் இருந்து, முழங்கால்களுக்கிடையில் குடையை ஊன்றிக்கொண்டார். ஊரை நேரே கேட்டால் பதில் வராது என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். அவர் ஊரில் காணி வழக்குகளில் ஊறின ஆள். சுற்றி வளைத்துப் பிடிக்கலாம் என்று நம்பிக்கையோடு தொடங்கினார். நான் பசைவாளியோடு சுவரோரம் நின்றேன். அண்ணை அவருக்கு ஒரு சின்னக் கிளாசில் ஊற்றிக் கொடுத்தார்.

"தம்பி எந்தப் பள்ளிக்கூடம்?"

"இடையிலை விட்டிட்டன், மாமா."

"எவ்விடத்து இடையிலை?"

"ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும்."

பெரியமாமா ஒரு மிடறு குடித்தார். "வீட்டுக் கிணறு நல்ல தண்ணியோ, உப்புத் தண்ணியோ?" கடற்கரைப் பக்கமா உள்நாடா என்று அறிகிற கேள்வி இது. எனக்கே கெட்டித்தனமாகப் பட்டது.

"தாகத்துக்கு நல்லாத்தான் இருந்தது."

"ரவுணுக்கு வாறதெண்டால் எந்த பஸ்?"

"எப்பவும் நிறைஞ்ச பஸ் மாமா. நம்பர் தெரியாது, தொங்கிக்கொண்டுதான் வாறனாங்கள்."

"கோயில் கொடியேத்தம் எந்த மாசம்?"

"மழை இல்லாத மாசம்."

கிளாஸ் முடிந்திருந்தது. அண்ணை திரும்ப ஊற்றினார். பெரியமாமா நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து, முகம் கொஞ்சம் இளகி, "நல்ல சாமான். எந்தக் கொம்பனி?" என்றார்.

"சொல்லக்கூடாது மாமா."

பெரியமாமா என்னைப் பார்த்தார். "தண்ணிக்கும் ஊரில்லை. ஆளுக்கும் ஊரில்லை. பிள்ளை, நீ எங்கை பிடிச்சனி இதை?" சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். இரண்டாவது கிளாசையும் முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

அவர் போன பிறகு நான் கிட்டத்தட்ட அழுதேன். "ஒரு ஊரைச் சொல்லிவிடுங்கோ அண்ணை. ஏதாவது ஒரு ஊர். ஆர் போய்ப் பாக்கப்போகினம், அங்கை இப்ப சண்டை."

"சொல்லாமல் விடலாம் தங்கச்சி. மாத்தி ஒட்டேலாது."

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோ. என்ன நடந்துபோம்?"

அவர் தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். நீலக் கரை போட்ட பீங்கான் கோப்பை. நான் ஒவ்வொருநாளும் கழுவி வைக்கிறது.

"நான் வந்த புதிசிலை ஒரு அறையிலை கன பேர் இருந்தம். ஒருத்தன் ஊர் கேட்டான், சொன்னன். அடுத்தநாள் எனக்கெண்டு தனிய ஒரு கோப்பை வாங்கி வைச்சிருந்தாங்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கதைக்கேல்லை. கோப்பைதான் கதைச்சது." கோப்பையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுதான். நல்ல கோப்பை. காசு பாக்காமல் வாங்கியிருக்கிறாங்கள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலும் பின்பக்கத்தில், உள்ளே விடாத ஆட்களுக்கென்று, அப்படி ஒரு தகரப் பேணி தனியாகத் தொங்கினது ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து மச்சாள் தானாகவே நிலவறைக்கு வந்தாள். வேலை முடித்த கையோடு, கைகளில் சவர்க்கார வாசத்தோடு. கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

"ஊரிலை மனுசி, பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை."

"இஞ்சை?"

"இல்லை."

"குடிக்கிறனீங்களோ?"

அண்ணை முதல்தடவையாகத் தடுமாறினார். "வேலைக்கு வாயிலை எடுக்கிறனான். பிறகு துப்பிப்போடுவன்."

"துப்பிறதுக்குச் சம்பளமோ?" என்றாள் மச்சாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கு நம்பிக்கையும் வந்தது, பயமும் வந்தது. அவர் அவளை மெத்ரோ வரை கூட்டிப்போனார். நான் முற்றத்து வாசலால் எட்டிப் பார்த்தபோது இருவரும் மேம்பாலத்துக்குக் கீழே நின்றிருந்தார்கள். மேலே ஒரு ரயில் போய், இன்னொன்றும் போய், பிறகும் நின்றார்கள்.

"நான் இவரைக் கலியாணம் செய்யிறன்," என்றாள் மச்சாள் வீட்டில்.

பெரியமாமா குதித்தார். ஊர் தெரியாத வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்றார். ஆனால் அவள் கையொப்பம் போடுகிற வயதும் வதிவிடக் கார்டும் உள்ளவள். தடுக்க வழியில்லை. அப்போது என் கணவர், நல்ல மனிதர்தான், ஆனால் யோசிக்காமல் வாயைத் திறப்பவர், ஒன்றைச் சொன்னார். "பெரியப்பா, மேரியிலை, அதுதான் நகரசபையிலை, பதிவு செய்யேக்கை இரண்டு பேரின்ரை பிறந்த இடத்தையும் சத்தமா வாசிப்பினம்."

பெரியமாமா குதிப்பதை நிறுத்தினார்.

"சத்தமாவோ?"

"எல்லாருக்கும் முன்னாலை."

"அப்ப வாறன். கேக்கிறன். ஒத்துவராத ஊரெண்டால் அவ்விடத்திலையே எழும்புவன். எங்கடை ஆக்கள் எல்லாரும் எழும்பவேணும். அவள் தனிய நிண்டு கழுத்தை நீட்டட்டும்."

மச்சாளிடம் இதைச் சொன்னேன். அவள் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். "எழும்பிறவை எழும்பட்டும்," என்றாள். குத்தின ஊசியைக் கழற்றித் திரும்பவும் குத்தினாள். பிரான்சில் அவளுக்கு இருந்த சொந்தமெல்லாம் மேரி மண்டபத்து முன்வரிசைக் கதிரைகளில்தான் இருக்கப்போகிறது.

லெ பிளாங்-மெனில் மேரியில் அவ்வளவு தமிழர் அதற்கு முன் கூடியிருக்கமாட்டார்கள். கலியாணத்துக்கு வந்தவர்கள் பாதி, ஊர் கேட்க வந்தவர்கள் பாதி. பெரியமாமா முன்வரிசையில், பிரெஞ்சு விளங்குகிற ஒரு பொடியனைப் பக்கத்தில் இருத்தி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டிருந்தார். குடையை எழும்ப வசதியாகப் பிடித்திருந்தார். நான் என் கணவரின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழும்பினால் இழுத்து இருத்துவது என்று முடிவுசெய்திருந்தேன். கோட்டு இரவல் வாங்கினது, கிழிந்தாலும் பரவாயில்லை.

மூவர்ணப் பட்டி கட்டிய பெண் அதிகாரி எழுந்து வாசிக்கத் தொடங்கினார். மாப்பிள்ளையின் பெயர். தொழில். தகப்பன் பெயர், யாழ்ப்பாணத்தில் வீதிக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். தாய் பெயர், அதுவும் அப்படியே. நான் கோட்டு நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அண்ணை நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறந்த இடம்: யாழ்ப்பாணம், ஸ்ரீலங்கா.

பெரியமாமா மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தார். "யாழ்ப்பாணத்திலை எவ்விடமாம்?"

"அவ்வளவுதான் போட்டிருக்கினம் தாத்தா."

"அவ்வளவுதானோ?"

"பெரியாஸ்பத்திரியிலை பிறந்திருப்பார். அங்கை பிறந்தவை எல்லாருக்கும் உப்பிடித்தான் வரும். என்ரையிலும் உப்பிடித்தான்."

அடுத்ததாக மச்சாளுடையதை வாசித்தார்கள். பிறந்த இடம்: யாழ்ப்பாணம், ஸ்ரீலங்கா.

பெரியமாமா குடையை ஊன்றிப் பாதி எழும்பினார். முழு வரிசையும் அவரைப் பார்த்தது. யாழ்ப்பாணம் என்பதற்காக எழும்பிப் போவதென்றால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும், மணமகளும் சேர்த்து, எழும்பிப் போகவேண்டும். அவர் அந்தப் பாதி நிலையில் கொஞ்ச நேரம் நின்றார். அதிகாரி வாசிப்பதை நிறுத்தி, வயதானவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று மரியாதையாகக் கேட்டார்.

"கதிரை வசதியில்லை," என்றார் பெரியமாமா. பொடியன் அதை மொழிபெயர்த்தான். வேறு கதிரை கொண்டுவந்து போட்டார்கள். அவர் அதில் இருந்தார். ஒருவரும் எழும்பவில்லை. மச்சாள் கையொப்பம் போடும்போது திரும்பி முன்வரிசையை ஒருமுறை பார்த்தாள். எல்லாக் கதிரையிலும் ஆள் இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பிறகு வந்த காலமெல்லாம் அண்ணை அதே மாதிரியே இருந்தார். பீப்பா வந்தது, போத்தலானது, சால்வைக்காரர்கள் கண்ணை மூடித் திறந்து ஏமாந்துபோனார்கள். பெரியமாமா தைப்பொங்கலுக்கும் வருசப்பிறப்புக்கும் அவர்கள் வீட்டில் கை நனைத்தார். போகும்போது ஒரு போத்தல் கேட்டு வாங்கியும் போனார். ஊரைக் கேட்பதை விட்டுவிட்டார் என்று நினைக்கவேண்டாம், மழை எப்போது பெய்யும் என்று கேட்கிறதுபோல ஒவ்வொருமுறையும் கேட்டுவைப்பார்.

எனக்கு ஒரு கவலை மட்டும் மிஞ்சியிருந்தது. மனைவிக்காவது தெரியவேண்டாமா? நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது கேட்டால் என்ன சொல்வாள்? ஒருநாள் மச்சாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"மச்சாள், உங்களுக்கும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர். மெத்ரோவடியிலை வைச்சு. நான் கேக்காமலே சொன்னவர்."

நான் வெங்காயம் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தேன். "எவ்விடமாம்?"

மச்சாள் கடைசி வெங்காயத்தையும் உரித்து முடித்து, தோலை ஒதுக்கிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீர் கேப்பீர் எண்டும் சொன்னவர்," என்றாள்.